மைக் செட்

நான்கு பக்கம் எழுதினேன்.
தமிழய்யா இரண்டாக்கித் தந்தார்.
'எனக்க ஸ்கூல்' இருந்த இடத்தில்
சிவப்பு மை 'எனது கல்விக்கூடம்' என்றது.
'ஒழுகுத பஸ்ஸில நனைஞ்சு வந்த நாளு'
'இயற்கை எழில் கொஞ்சும் சூழல்' ஆயிற்று.

களியலிலிருந்து அருமனை வரை
கம்பியில் ஒரு கை, தாளில் ஒரு கை,
முணுமுணுத்தபடி வந்தேன்.
கண்டக்டர் கேட்டார்:
"எந்தச் சாமிக்குப் பிள்ளே நேர்ச்சை?"

அரங்கம் என்பது
இரண்டு வகுப்புகளின் நடுத்தட்டியைக் கழற்றிய நீள அறை.
மின்விசிறி இரண்டு; ஒன்று சுற்றும்.
ஜன்னல் வழியே
ரப்பர் ஷீட் உலரும் வாடை.
பி.டி.ஏ. தலைவர் தனக்குப் போட்ட பொன்னாடையால்
விசிறிக்கொண்டிருந்தார்.

மேடை ஓரத்தில் கறுப்புப் பெட்டிகள், வயர்ச் சுருள்,
'ஜோபின் சவுண்ட்ஸ், மேல்புறம்'.
பின்னால் குந்தியிருந்தவன் றெஜின்.

பதினொன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில்
அவன் பதினேழு.
ஓண லீவு முடிந்து பள்ளி திறந்த காலையில்
பதினாறுக்குப் பிறீடா "உள்ளேன்" என்றாள்.
பதினேழை டீச்சர் இரண்டு தடவை அழைத்தார்.
பதினெட்டு நான்.
ஒரு மாதம் அழைத்தார்.
பிறகு ஒரு கோடு கிழித்தார்.
அதன் பிறகும்
ஒரு மூச்சு நீளம் காத்திருந்தே
"உள்ளேன்" சொன்னேன், கடைசி நாள் வரை.
எனக்குக் காது மந்தம் என்று
அம்மாவுக்கு ஆளனுப்பினார் டீச்சர்.

"மாணவர் சார்பில் சுபிஷா" என்றார்கள்.
மைக் என் நெற்றிக்கு நேரே நின்றது,
எனக்கு முன் பேசிய தாளாளரின் உயரம்.
வாய் திறந்ததும் ஊளையிட்டது.
பிள்ளைகள் காதைப் பொத்திச் சிரித்தார்கள்.

எழுந்து வந்தான்.
ஸ்டாண்டைத் தளர்த்தி
என் வாய்க்கு அளந்து முறுக்கினான்.
ஏதோ பெட்டி விழுந்திருக்க வேண்டும்,
கட்டைவிரல் நகம் கருத்திருந்தது.
குனிந்து,
"ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு."
கரகரத்த புதுக்குரல்.
பின்வரிசை கைதட்டியது.
கேலியா இல்லையா, இன்றும் தெரியவில்லை.
"தள்ளி நிண்ணு பேசு பிள்ளே, மூச்சு விழுகுது."
எனக்கென்று சொன்னது
எல்லாருக்கும் கேட்டது.

பெரியோர்களே தாய்மார்களே என்று தொடங்கினேன்.
இயற்கை எழில் கொஞ்சியது.
கல்விக்கூடம் கலங்கரை விளக்கமானது.
இரண்டாம் பக்கத்தில்,
'நாற்பத்தொரு பேரும் பறவைகளாய்...'

அது அய்யாவின் கணக்கு.
என் தாளில் நாற்பத்திரண்டு.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் எல்லாத் தலையும் பெட்டிகள் பக்கம் திரும்பும்;
அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்?
நாற்பத்தொன்று என்று சொல்லவும்
நாக்கு வரவில்லை.
நின்றேன்,
பழகிய அந்த ஒரு மூச்சு நீளம்.

மறந்துபோனேன் என்று நினைத்து
முதல் வரிசையிலிருந்து அய்யா வாயசைத்தார்:
பறவைகளாய், பறவைகளாய்.
சத்தம்தான் போய்விட்டதென்று
ஒரு குமிழைத் திருகினான் றெஜின்.
இரைச்சல் உயர்ந்தது.
கூரை முழுக்க
என் மூச்சு.

மிக்சரும் ஒரு துண்டு கேக்கும் தந்தார்கள்.
பஸ்ஸுக்கு நிற்கையில்
மினி வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்.
"எடையில நிறுத்தினது என்னத்துக்கு? மறந்துட்டியா?"
"இல்ல."
"அங்கதான் எல்லாவனும் மிண்டாம இருந்தானுவ."
தோளுக்கும் முழங்கைக்கும் வயரைச் சுற்றியபடி
என் கையைப் பார்த்தான்.
"அந்தத் தாளு இனி வேணுமா?"

கொடுத்தேன்.
எட்டாக மடித்து,
ஆடிக்கொண்டிருந்த பெரிய பெட்டியின் அடியில் செருகினான்.
தட்டிப் பார்த்தான்.
ஆடவில்லை.