கூட்டம் கலையும்வரை

மூன்றுக்குப் பூஜ்யம்.
விசில் அடங்குவதற்குள்
நாங்கள் நின்ற மூலையின் கம்பிக்கதவைப் பூட்டினார் போலீஸ்காரர்.
ஜெயித்த கூட்டம் கலையும்வரை
தோற்றவர்கள் வெளியேறக் கூடாதாம்.
இருபது நிமிடம்.

பதினான்கு பேர். ஒரு டிரம்.
மழையில் சாயம் இறங்கிய கொடி.
தொண்ணூறு நிமிடம் ஒரே தொண்டையாய்க் கத்தியிருந்தோம்,
ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது.

பூட்டிய பிறகுதான்
'நீங்க எந்த ஏரியா?'

டில்லிபாபு வியாசர்பாடி,
இங்கே பொம்மனஹள்ளியில் ஏசி மெக்கானிக்.
எபிநேசர் புளியந்தோப்பு, பகலெல்லாம் தூங்கி
இரவில் அமெரிக்கக் கடன் அட்டைகளுக்குப் பதில் சொல்கிறவன்.
சலாவுதீன் ஓட்டேரி, பிரியாணிக் கடையில் கால் பங்கு.
நான் ரெஜினா, காசிமேடு,
எலும்புமுறிவு வார்டில் நர்ஸ்.
பள்ளிக்கூடத்தில் மாவட்டத்துக்கு
ஸ்டாப்பர் ஆடியிருக்கிறேன் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அதற்காகவே மறுநாளும் அவர்களோடு பேசினேன்.

'கத்தினது போதும், ஆடலாமா?'
யார் முதலில் கேட்டது என்று இன்றுவரை சண்டை.
கதவு திறந்தபோது
தலைக்கு ஐந்நூறு என்று முடிவாகியிருந்தது.

செயற்கைப் புல்லுக்கு மணிக்கு ஆயிரத்து எண்ணூறு.
ஐந்நூறுகள் மூன்று ஞாயிறில் கரைந்தன.
பிறகு ஆஸ்டின் டவுனில் ஒரு மண் மைதானம்,
விடியற்காலை ஐந்தரையிலிருந்து
பூசைக்குப் போன பையன்கள் திரும்பும்வரை இனாம்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இங்கே தரை நிஜமாகவே கோணல்.
பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால்
அது பாட்டுக்குச் சாக்கடைப் பக்கம் கிளம்பிவிடும்.

திருப்பூருக்கு பனியன் சொல்லவேண்டும்.
ஏழாம் எண்ணுக்கு ஐந்து பேர், பத்துக்கு நான்கு.
இரண்டு வாரம் பந்தையே தொடவில்லை, எண்ணுக்கு அடிதடி.
சலாவுதீன்தான் சொன்னான்:
அவனவன் வீட்டுக்குப் போற பஸ் நம்பரைப் போடு.

லீக் நடுவர் மஞ்சப்பா
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'ஏனு இது, இருபத்தொன்பது சி?'
'பெரம்பூர், சார்.'
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
பெண்ணுக்கு இடமில்லை என்கிற விதியும்
அந்தச் சீட்டின் அடியில்தான் இருந்தது.
என் பெயருக்கு எதிரே
மேனேஜர் என்று போட்டார்கள்.
என் பனியன் பையிலேயே கிடந்தது, மடிப்புக் கலையாமல்.

முதல் ஆட்டம் கௌதமபுரத்துப் பையன்களோடு.
கன்னடத்தில் நான்கு வசை
நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு போனோம்.
ஆரம்பித்த முதல் நிமிடம் அவர்கள் கோலி கத்தினான்:
'மச்சா, லெஃப்ட்ல ஆளே இல்ல, பேகா போடு!'

தமிழ்.
பாட்டன் பூட்டன் காலத்தில் இங்கே வந்து
கன்னடத்தில் ஊறி, இங்கிலீஷில் காய்ந்து,
எங்களைக் கேட்காமலே வளர்ந்த தமிழ்.
வசைகள் வீணாயின.
'பின்னாடி வரான் பாரு' என்று டில்லிபாபு அலறினால்
இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறுக்கு ஒன்று.
ஆறில் ஐந்து, ஸ்டாப்பர் நிற்கவேண்டிய இடத்து ஓட்டை வழியாகப் போனவை.
கோட்டுக்கு வெளியே நின்று எண்ணினேன்.
எங்கள் ஒன்று
29சி-யின் முட்டியில் பட்டுத் தெறித்து
அந்தச் சரிவில் மெதுவாக, மிக மெதுவாக உருண்டு போனது.
போகட்டும். கோல் கோல்தான்.

விசில்.
பூட்டுவதற்குக் கதவே இல்லாத மைதானம்.
ஜெயித்தவர்கள் இரண்டு சக்கரத்தில் மும்மூன்று பேராய் ஏறினார்கள்.
எங்களில் ஒருவரும் எழவில்லை.
நான் எபிநேசரின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கோலி மட்டும் திரும்பி வந்தான், பெயர் ஆன்டோ.
'போகலையா?'
'கூட்டம் கலையட்டும்' என்றான் டில்லிபாபு.
ஆன்டோ காலி மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.
ஒன்றும் புரியாமல்
எங்களோடு உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.
பிறகு என் பையிலிருந்து எட்டிப் பார்த்த நீலத்தைக் காட்டி
'அது யாரு நம்பர்?' என்றான்.