மூன்று தட்டு

ஐஸ் ஃபேக்டரியில் போனஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.
பர்ஸில் ஆயிரத்து எண்ணூறு,
பழைய ஐஸ் பில்லின் முதுகில் பெயர்கள்.

இந்த வருஷம் டிபன் பாக்ஸ் கிடையாது,
சூசையப்பர் காலண்டர் கிடையாது,
அட்டைப்பெட்டி பிரியாமலே
அடுத்த கல்யாணத்துக்குப் போகும் டம்ளர் செட் கிடையவே கிடையாது.
கொண்டுபோய் வைத்தால்
வீடு ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும்.

ஈவ்னிங் பஜாரில் நடக்கத் தேவையில்லை,
நின்றால் போதும், கூட்டமே கூட்டிப்போகும்.
போன இடத்தில் பின்னால் ஓடும் கடிகாரம் தொங்கியது.
கொழுந்தன் அமலதாஸுக்கு.
தன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் தாமதம்.
இனி ஒரு காரணமாவது இருக்கட்டும்.

ஜெசிந்தாவுக்கு விசில் அடித்தால் பதில் சொல்லும் சாவிக்கொத்து.
அவளுக்கு விசிலடிக்கத் தெரியாது என்பது
பணம் கொடுத்த பிறகு ஞாபகம் வந்தது.
பரவாயில்லை,
புருஷன் அடிப்பான், தெருவே திரும்பிப் பார்க்கும்,
சாவி கிடைக்கும்.

மூன்றாம் மாடி ஷகிலா பானு
துடைத்த தரையில் ஈ நடந்தாலும் கால்தடம் தேடுவாள்.
பிள்ளைகள் மூன்று, மூன்றும் மண்ணில் உருண்டு வருபவை.
அவளுக்கு வாய் பிளந்த முதலை மிதியடி.
துடைக்காத காலை அது பார்த்துக்கொள்ளும்.

டெரன்ஸ் அங்கிளுக்கு மணல் கடிகாரம், மூன்று நிமிஷம்.
கூட்ஸ் வண்டி கதையை ஆரம்பிக்கும்போது கவிழ்க்கச் சொல்லலாம்.
மணல் தீர்ந்ததும்
கதையை நிறுத்தாமல்
அவரே மறுபடி கவிழ்ப்பார்.
அதுவும் தெரிந்துதான் வாங்கினேன்.

பில்லில் கடைசியாக ஒரு பெயர்.
தியோபிலா அக்கா.

பதினொரு வருஷமாக ஒரே சுவர், அவளுக்கும் எனக்கும்.
விடியற்காலை ஐந்துக்கு அவள் மிக்ஸி,
ஒன்பதுக்கு சீரியலில் யாரோ அழுவது,
கார்த்திகை பிறந்தால் இருமல்.
என் ரேடியோ கொஞ்சம் ஏறினால்
கரண்டிக் காம்பால் மூன்று தட்டு,
டொக், டொக், டொக்.
நாலாவது இருந்ததில்லை.
சிரித்துக் கேட்டதும் இல்லை.

"ஆளு எப்படிம்மா?" என்றான் கடைப்பையன்,
ஒரு கையில் ஆடும் சாண்டா, ஒரு கையில் தவளை சோப்புப்பெட்டி.
"சுவரு மாதிரி" என்றேன்.
அவன் இரண்டையும் கீழே வைத்தான்.
ரிப்பன், பலூன், பிளாஸ்டிக் துளசி என்று கிளறி
சிவப்பில் ஒரு சுத்தியலை எடுத்து
என் தோளிலேயே தட்டிக் காட்டினான்.
கீக்.
அறுபது ரூபாய். ஐம்பதுக்குக் கேட்கவும் மறந்தேன்.

ராத்திரிப் பூசை முடிந்து
மாடிப்படியில் வைத்து நீட்டினேன்.
வாங்கினாள். "ம்" என்றாள்.
பிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு
கதவைச் சாத்தினாள்.

படுக்கையில் எனக்கு வேர்த்தது, டிசம்பரில்.
கேலி என்று நினைத்திருப்பாளோ?
விரல் போகாத அந்த மெல்லிய சுவருக்குள்
பதினொரு வருஷமாய் என்ன நினைக்கிறாளோ?

மறுநாள் மத்தியானம், வஞ்சிரக் குழம்பு தின்ற மயக்கம்.
ரேடியோவை ஏற்றினேன்.
வேண்டுமென்றே இல்லை.
சரி, வேண்டுமென்றேதான்.

ஒரு பாட்டு முடிந்தது.
விளம்பரம் முடிந்தது.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது.

கீக்.
கீக்.
கீக்.

ரேடியோவை அணைத்தேன்.
ஒழுங்கான பக்கத்து வீட்டுக்காரியாகக்
காலை நீட்டிப் படுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து,
எந்தச் சத்தமும் இல்லாத அந்த மத்தியானத்தில்,

கீக்.