துலா மரம் கேட்டு

நாட்டார் முன்னால் நின்று பேச
எனக்கு அரை நாழிகை போதுமுங்க.
கொளிஞ்சிக்காட்டுச் சிலம்பாத்தாள் நான்.
கேட்க வந்தது ஒரு மரம்.

பனையில்லை, வேம்பில்லை.
அமராவதி வெள்ளத்தில் மாமனார் மடக்கிப் பிடித்த கருமருது.
இருபத்தொரு முழம்.
ஆடி பிறந்து ஆறாம் நாள்
ஏற்றத்திலிருந்து கழற்றிக்கொண்டு போனார்கள்.
தோல் சாலையும் விடவில்லை.
தண்ணீர் மோந்த தோலில்
கல்லுக்குத் தொட்டில் தைத்தார்கள்.

முதலில் ஆள்தான் இழுத்தது.
குட்டைப் பக்கம் நாற்பது கயிறு, நாற்பது பேர்.
என் வீட்டுக்காரர் தீத்தானும் அதில் ஒருத்தர்.
"ஏலே" என்றதும் ஒரே மூச்சில் இழுக்கணும்.
நாற்பது பேருக்கு ஏது ஒரே மூச்சு?
ஒருத்தன் தும்மினான்,
கல் செங்குத்தாக ஏறி
எங்க பாளையத்துக் கொள்ளுத்தாழியிலேயே விழுந்தது.
கோட்டை மேலிருந்து சிரித்தார்கள்.
சிரிப்பு ஆற்றுக்கு இக்கட்டால வரைக்கும் கேட்டதுங்க.

அப்புறம் வந்தான் மல்லோஜன்,
துங்கபத்திரைப் பக்கத்துத் தச்சன்.
கன்னடம் பாதி, கைஜாடை பாதி.
கயிறுகளை அவிழ்க்கச் சொன்னான்.
அந்த இடத்தில் ஒரு பெட்டி தொங்கவிட்டான்,
நெல்லுக்குதிர் உயரம்.
அதில் கொட்ட மண் வேண்டுமாம்.
எங்கள் கீழ்க்காட்டுச் செம்மண்ணை
முந்நூறு கூடை அள்ளினார்கள்.
மண்ணுக்கு மூச்சு வாங்காது, கோபம் வராது,
நேற்று இறங்கின வேகத்திலேயே இன்றும் இறங்கும்.

கல்லையும் மாற்றினான்.
அகப்பட்ட அம்மி, குழவி வேண்டாம் என்றான்.
ஊதியூர்ப் பாறையில் உருண்டையாகக் கொத்தி
ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றினான்.
தராசும் துலா, என் ஏற்றமும் துலா.
இரண்டு வேலைக்கும் ஒரு சொல் வைத்தவன் யாரோ,
மூன்றாவது வேலையை அவன் நினைத்திருக்க மாட்டான்.

இனிச் சொல்லப்போவதை
ஓலைக்காரர் எழுதினாலும் சரி, விட்டாலும் சரி.

நான் கஞ்சி கொண்டுபோன அன்றைக்கு
கல் மதிலுக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது.
மல்லோஜன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
பதினாறு வருசம் அந்த மரத்தின் மேல் நடந்தவள் நான்.
எந்த அடி வைத்தால் அது சாயும்,
எந்த அடியில் நிமிரும்,
என் குதிகாலுக்குத் தெரியும்.
வாய் சும்மா இருக்கவில்லை.
"அச்சு ஓட்டையை இரண்டு முழம் பெட்டிப் பக்கம் தள்ளு.
தொட்டில் கயிற்றை நீளமாக்கு" என்றேன்.
சோளக்காட்டுப் பரணில் கவண் சுற்றினவளுக்கு
இது ஒரு பெரிய வித்தையா?

அவன் என்னைப் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல் உளியை எடுத்தான்.

ஒன்பது கல்.
ஒன்பதும் மேற்கு மதிலில் ஒரே இடத்தில்.
எட்டாவதில் புழுதி வந்தது.
ஒன்பதாவதில் அக்கட்டால இருக்கிற வானம் தெரிந்தது.
அப்போது எனக்குச் சந்தோசம்தானுங்க.
பொய் சொல்ல வரவில்லை.
ஒரு கணக்கு சரியாக வந்த சந்தோசம்.
மதிலுக்குப் பின்னால் என்ன இருந்ததென்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.
பிறகு யாரோ சொன்னார்கள், பானை சுடும் தெரு என்று.
சூளையில் தீ இருந்ததாம்.

அதற்குத் தண்டம் உண்டென்றால் போடுங்கள்.
அது வேறு ஓலை.
இந்த ஓலையில் மரத்தை மட்டும் எழுதுங்கள்.

இப்போது பாளையம் கலைந்துவிட்டது.
மல்லோஜன் வடக்கே போய்விட்டான்.
அங்கே கருமருந்து ஒன்று வந்திருக்கிறதாம்,
மரமும் வேண்டாம், மண்ணும் வேண்டாமாம்.
நல்லது. அப்படியானால் என் மரம் யாருக்கு?
ஆற்றோரம் மழையில் கிடக்கிறது.
பெட்டி மண்ணில் எருக்கு முளைத்திருக்கிறது.

மரத்தில் இன்றைக்கு இரண்டு ஓட்டை.
ஒன்று மாமனார் போட்டது, ஒன்று நான் போடச் சொன்னது.
பழைய ஓட்டையிலேயே அச்சு மாட்டிக்கொள்கிறேன்.
மற்றதை அடைக்க ஆப்பு என்னிடம் இருக்கிறது.

கிணறு பன்னிரண்டு முழம்.
சோளம் மூன்று இலை விட்டிருக்கிறது.
வண்டியும் நானே கொண்டுவந்திருக்கிறேன்.