வாரத்துக்கு எத்தனை மணி நேரம்

மார்ச் ஞாயிறு.
ரோண்டா பள்ளத்தாக்கில் மழை சாய்வாகவே பெய்கிறது, வழக்கம்போல.
சாஸ் பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு
மக்கள்தொகைப் படிவத்தை விரிக்கிறேன்.
அண்ணன் எம்லினுக்கும் சேர்த்து நான்தான் நிரப்ப வேண்டும்.

பெயர், பிறந்த தேதி, வீட்டில் எத்தனை அறை
இதெல்லாம் சுலபம்.
உடல்நிலையால் உங்கள் அன்றாட வேலைகள் தடைபடுகின்றனவா?
கொஞ்சமா, மிகவுமா?
"கொஞ்சம்னு போடு" என்கிறான்,
நான் பொத்தான் போட்டுவிட்ட கழுத்தை நீட்டி.
மிகவும் என்று போட்டேன்.
பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம்.
ஊதியமின்றி யாரையாவது பார்த்துக்கொள்கிறீர்களா?
வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

குளிப்பாட்ட முக்கால் மணி, தலைக்கு ஊற்றினால் ஒன்றேகால்.
மருந்துக்கடை வரிசை, சேர்.
உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டு
ஒரே பியானோ மெட்டை நாற்பது நிமிடம் கேட்டது, அதையும் சேர்.
பள்ளிச் சமையலறையில் கிழங்கு உரிக்கும்போது
ஏப்ரன் பைக்குள் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது?
நான் தூங்கினாலும் என் ஒரு காது
சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறதே,
அந்தக் காதுக்கு?
ஹைவெல் கார்டிஃபுக்குக் கூப்பிட்டபோது
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
பதினோரு வருடமாக யோசிக்கிறேன்.
அது எந்த வாரத்தில் வரும்?

ஐம்பதுக்கு மேல். கட்டத்தில் குறி.

"என் தாள்ல அந்தக் கேள்விய விட்டுட்டே."
"எதை?"
"நான் யாரைப் பார்த்துக்கறேன்னு."
சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

"எட்டு மணிக்கு ரேடியோவ நிறுத்தச் சொல்லி
இன்சுலின் போட்டியான்னு கேக்கறது யாரு?
நவம்பர்ல உனக்குச் சர்க்கரை இறங்கி
வியர்த்துக் கிடந்தியே,
முழங்கையால சுவரைத் தட்டித் தட்டி
பக்கத்து வீட்டு மெர்ஃபினை எழுப்பினது யாரு?"

காலையில் அந்த முழங்கைக்கு
களிம்பு தடவியது நான்தான்.
எங்கே இடித்துக்கொண்டாய் என்றுகூட
திட்டியிருந்தேன்.

"ஒன்பது மணிக்குள்ள, சரியா?"
"பத்தொன்பது வரைக்கும் ஒரு கட்டம் இருக்குல்ல, அது."
மீன் கடையில்போலப் பேரம்.
அவன் கேட்ட விலைக்கே விட்டேன்.

எங்கோ ஒரு அலுவலகத்தில் இதைப் பார்க்கும் பையன்
பேனா தவறிவிட்டது என்று நினைப்பான்:
எதுவும் முடியாதவர், ஆனால்
இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிறவர்.

உறையின் வாயை அவன் முன்னால் பிடித்தேன்.
நாக்கை நீட்டி
ஓரம் விடாமல் நனைத்தான்.
"பசை கசக்குது" என்றான்.
டீ போடப் போனேன்.