எலி கடித்த இடம்

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி வேன் வராது.
உள்ளறையில் இவர் தூங்குகிறார்,
பாகாயத்தில் இராத்திரி முழுக்க
ஒரு ஸ்கேன் சென்டரைக் காவல் காத்துவிட்டு வந்த தூக்கம்.
கதவைச் சாத்திவிட்டு
ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொள்கிறேன்.

வேலூரில் எதுக்கு ஸ்வெட்டர் என்று சிரிப்பவர்கள்
சித்திரையில் மட்டும் வந்துபோகிறவர்கள்.
மார்கழியில், மூணு மணிக்கு,
பாலாற்று மணலைத் தடவிக்கொண்டு ஒரு காற்று வரும்.
தண்ணி இல்லாத ஆற்றுக்கு
அவ்வளவு குளிர் எங்கிருந்து கிடைக்கிறதோ.

கோட்டைக்கு எதிரே பிளாட்பாரத்தில் வாங்கியது.
விற்றவள் திபெத்துக்காரி; ஊரே அவளை நேபாளி என்றது,
அவளும் திருத்தவில்லை.
"கம்பளி, கம்பளி" என்று
நானூற்றைம்பது சொல்லி முந்நூறுக்குத் தந்தாள்.

முழங்கையில் ஒன்று. அது எனக்குத் தெரிந்த ஓட்டை.
பிளாஸ்டிக் நாற்காலியின் உடைந்த கை
மூன்று மாதமாய் மென்று தின்றது.
ஃபியூஸ் போன பல்பைக் கைக்குள் விட்டு
ஓட்டைக்குக் கீழே நிறுத்தினேன்.
கண்ணாடி வயிற்றின் மேல் பின்னல் விரிந்து கொடுத்தது.
ஷமீமா ஃபேன்சி ஸ்டோரில் பத்துப் பச்சை காட்டினார்கள்,
இந்தப் பச்சை மட்டும் இல்லை.
கிட்டத்தட்டப் பச்சை வாங்கிவந்தேன்.
மேலிருந்து கீழே நெருக்கி நெருக்கி இழை,
பிறகு குறுக்கே,
ஒன்றின் மேல், ஒன்றின் கீழ்.

வாரத்தில் ஆறு நாள் ராணிப்பேட்டையில்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
தோலில் ஊசி தப்பாக இறங்கினால்
அந்தத் துளை அப்படியே நிற்கும்,
எத்தனை தேய்த்தாலும் மூடாது.
சூப்பர்வைசர் ரிஜெக்ட் கூடையில் போட்டு
என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுப்பார்.
பின்னல் அப்படியில்லை. ஊசி வந்துபோன இடத்தை
நூல் தானே நகர்ந்து மூடிக்கொள்கிறது.

இரண்டாவது ஓட்டை மார்பில், பட்டாணி அளவு.
"எலி கடிச்சிகீது பாரு" என்று
நேற்றுக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்,
நான் கேட்கும் முன்பே.

எலி கடித்தால் நூல் பிசிறும்.
பூச்சி அரித்தால் ஓரம் பஞ்சாகும்.
இது விரலில் குத்துகிறது.
சுற்றிலும் கறுத்து, உருகி,
கடுகு கடுகாய் இறுகியிருக்கிறது.
கம்பளி என்றால் கருகி உதிர்ந்திருக்கும்.
நேபாளி சொன்ன பொய்யும் இவர் சொன்ன பொய்யும்
ஒரே ஓட்டையில் அகப்பட்டன.

ஆடியில், நெஞ்சுப் படத்தை டாக்டர்
வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய மறுநாள்,
விரிஞ்சிபுரத்தில் சூடம் அணைத்தார் ஏகாம்பரம்,
இனிமே பீடியைத் தொட மாட்டேன் என்று.
உள்ளங்கையில் கொப்புளம் வந்தது.
நான்தான் மருந்து போட்டேன்.

கறுத்த கடுகுகளை வெட்டாமல் தைக்க முடியாது.
வெட்டினேன்.
பட்டாணி புளியங்கொட்டை ஆயிற்று.
கண்ணிகள் நாலு வாய் திறந்து நின்றன,
ஒன்று நழுவினாலும்
இடுப்பு வரை ஏணியாய் ஓடிவிடும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய் ஊசியில் கோத்தேன்.
உள்ளே குறட்டை ஒரு முறை நின்றது.
இருமல்.
அப்புறம் மறுபடி குறட்டை.

முடிச்சுப் போடவில்லை. நெஞ்சில் உறுத்தும்.
வால் நூலை உட்புறமாகவே
நாலு கண்ணி ஓட்டி விட்டுவிட்டேன்.

பைக்குள் கைவிட்டேன்,
அங்கேயும் ஓட்டை இருக்கிறதா என்று.
இல்லை. ஒரு தீப்பெட்டி இருந்தது.
ஆட்டினால், பாதிக்கு மேல் இருப்பதாகச் சத்தம்.

மிச்சப் பச்சை நூலை அதன் மேல் சுற்றினேன்,
நீளவாக்கில், குறுக்குவாக்கில்,
நூல் தீரும் வரை.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் எழுந்து, டீ குடித்து,
ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
கண்ணாடி முன் நின்றார்.
"இன்னா, தெரியவே இல்லியே" என்றார்.

"கிட்ட வந்தா தெரியுது" என்றேன்.