நானூறு கேள்விகள்

புந்தா அரேனாஸ், தேர்வறை.
குளிர்காலம் முழுக்க அண்டார்டிகாவில் அடைந்து கிடக்கப்போகும்
பதினோரு பேரை நான்தான் அளந்தேன்.
ஆம், இல்லை. ஆம், இல்லை.
வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

சமையற்காரர் ஒயார்சுன்
அடுத்து வரும் வடிவம் எது என்ற கட்டத்தில்
ஒன்றையும் குறிக்கவில்லை.
"வந்தால்தானே தெரியும்" என்றார்.
கடைசி இடம்.
வேறு ஆள் கிடைக்காததால் அனுப்பினோம்.

இத்துரா சிரித்தான். கண்ணைப் பார்த்துப் பேசினான்.
'ஒருநாளும் யார்மீதும் கோபப்பட்டதில்லை': ஆம்.
பொய்யைப் பிடிக்கவென்றே ஒளித்துவைத்த பத்துக் கேள்விகளும்
அவனைப் பிடித்துக் கொடுத்தன.
தாள் கிடக்கட்டும் என்று
கண்ணை நம்பிக் கையெழுத்திட்டேன்.

ஜூனில் இத்துரா ரேடியோவை உடைத்தான்.
ஒயார்சுன் அவன் கதவுக்கு வெளியே
ஒன்பது இரவு உருளைக்கிழங்கு உரித்தபடி உட்கார்ந்திருந்தாராம்,
பேசாமல்.
நானூற்றில் அதற்கொரு கேள்வி இல்லை.

எல்லாத் தாளையும் அடுப்பில் போடு என்கிறாள் நெல்டா.
போட்டால் மிஞ்சுவது என் கண்;
ஒரு சிரிப்பில் வழுக்கி விழுந்த அதே கண்.

அடுத்த அணி எட்டு மணிக்கு.
பென்சில்களைச் சீவி வைக்கிறேன்.
ஓர் அழிப்பானும்,
எனக்கு.