பதினேழு படி

ஜூன் பதினைந்தாம் தேதி
எங்கள் வீட்டைவிட்டு நாங்கள் இறங்குகிறோம்.
பதினேழு படி. அதற்குமேல் தூரமில்லை.
திஹோமிர் மெத்தையைத் தலையில் சுமக்கிறான்,
மகள் நேவா மீன்தொட்டியை
நீர் அலம்பாமல் இறக்குகிறாள்,
நான் கடைசியாக வருகிறேன்,
குளியலறைக் கண்ணாடியிலிருந்து
எங்கள் மூன்று முகங்களையும் துடைத்துவிட்டு.

கார் நின்ற இடத்தில் இப்போது கட்டில்.
கார் தெருவில், அத்திமரத்தடியில்.
எண்ணெய் வாசனை போகட்டுமென்று
லாவெண்டர் கட்டித் தொங்கவிட்டேன்.
லாவெண்டரிலும் எண்ணெய் வாசனை.
கூரை மாற்ற வாங்கிய கடனை
கூரைக்குக் கீழ் தூங்குகிறவர்கள் அடைக்கட்டும்
என்பது வங்கிக்கும் எங்களுக்கும் உள்ள பேச்சு.

முதல் வாரம் பிர்னோ நகரத்துக் குடும்பம்.
ஊறுகாய் முதல் உருளைக்கிழங்கு வரை
வண்டியில் ஏற்றிக்கொண்டு
ஏட்ரியாட்டிக் கடலை மட்டும்
இங்கே வாங்கிக்கொள்ள வந்தவர்கள்.
அடுத்து லின்ஸ்காரர்கள்.
அடுத்து, இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு
ஏழு பேராக வந்தவர்கள்.
எனக்கு முகம் வேண்டாம், குதிகால் போதும்.
இது விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் தேடும் கால்.
இது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு
ஜன்னல்வரை போய்த் திரும்பும் கால்.
இந்தச் சின்னக் கால்கள்
ஓடாதே ஓடாதே என்று நேவாவை
நான் பத்து வருஷம் தடுத்த தூரத்தை
ஒரே காலையில் ஓடித் தீர்க்கின்றன.

மெல்லப் பேசப் பழகிவிட்டோம்.
சண்டையைக்கூட
மீன்முள் எடுப்பதுபோல்
உதட்டோரமாக, ஒவ்வொன்றாக.
அக்டோபரில் போட்டுக்கொள்ளலாமென்று
ஒத்திவைத்த சண்டை இரண்டு இருக்கிறது.
ஒன்று, அவன் அண்ணனுக்குக் கொடுத்த பணம்.
மற்றது என்னவென்று மறந்துபோச்சு,
கோபம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஓர் இரவு
ஒருத்தி இறங்கிவந்து கதவைத் தட்டினாள்.
டார்ட்முண்ட்காரி, வெயிலில் மூக்கு உரிந்தவள்.
உப்பு இருக்கிறதா?
மேலே அலமாரியில், இடப்பக்கம், இரண்டாம் தட்டு.
கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்.
அவள் போகவில்லை.
கட்டிலைப் பார்த்தாள். மீன்தொட்டியைப் பார்த்தாள்.
ஆணியில் தொங்கும் பள்ளிப்பையைப் பார்த்தாள்.
"நீங்கள் இங்கேயா" என்று தொடங்கி
"இங்கே நல்ல குளுமை" என்று முடித்தாள்.
ஆமாம், குளுமை என்றேன்.

மறுநாளிலிருந்து மேலே
யாரும் செருப்போடு நடக்கவில்லை.
குழந்தை அழுதால்
சட்டென்று ஒரு கை அதன் வாயைப் பொத்தியது
எனக்குக் கேட்டது.
உப்பைவிடக் கரித்தது அது.

செப்டம்பர் கடைசியில் பூரா இறங்கியது,
மலையிலிருந்து கடலைப் பார்த்துப் பாயும்
எங்கள் ஸென் ஊர் வாடை.
துறைமுகத்துக் குடைகள் எல்லாம் மடங்கின.
கடைசி வண்டி போனதும்
பதினேழு படி ஏறினோம்.

துண்டுகளில் வேறு யாருடைய சோப்போ.
சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் திஹோமிர்
எந்த நாற்காலி தன்னுடையது என்று
ஒரு நொடி நின்றான்.
இனி ஓடலாம் என்றேன் நேவாவிடம்.
பூனைபோல் நுனிக்காலில் நடந்தபடி சொன்னாள்:
"கீழே யாராவது இருப்பார்களே."

தூக்கம் வராமல்
விருந்தினர் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
பால்கனி அற்புதம். கடல் கிட்டத்தில்.
கத்தி எல்லாம் மொக்கை. (நிஜம்தான்.)
டார்ட்முண்ட்காரி எதுவும் எழுதவில்லை,
பெயரும் தேதியும் மட்டும்.
அதற்குக் கீழே எழுதினேன்:
ஆட்கள் மூன்று. தங்குவது எட்டரை மாதம்.

பசித்தது. முட்டை உடைத்தேன்.
இடப்பக்கம், இரண்டாம் தட்டு.
உப்பைக் காணோம்.
யாரோ இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இறங்கிப்போய்க் கேட்கலாமென்றால்
கீழே யாருமில்லை.